ஒரு சோறு பதமாகாத பானை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டில் சிறுவர்களும் அறிந்த பழமொழி. கொதிக்கும் உலையில் அகப்பையை விட்டு, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்த மாத்திரத்தில், பானை முழுவதும் வெந்துவிட்டதா இல்லையா என்று நம் வீட்டுப் பெண்மணிகள் சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் தீர்ப்புப் பொய்ப்பதில்லை. காரணம் என்ன? பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே நீர், அடியில் எரிவது ஒரே தீ. கொதிநீர் பருக்கைகளை மேலும் கீழுமாக ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே எந்தப் பருக்கையை எடுத்தாலும் அது மற்றப் பருக்கைகள் அனைத்திற்கும் பிரதிநிதியாக நிற்கிறது.

இந்தப் பழமொழியைக் கடற்கரைக்குக் கொண்டுசென்றால் அங்கும் அது செல்லுபடியாகுமா? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். ஒரு கடற்கரையின் நீர் கெட்டிருக்கிறதா, அங்கே பிடித்த மீனை அச்சமின்றி உண்ணலாமா, ஓர் ஆலையின் கழிவு கடலடியில் தங்கியிருக்கிறதா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்வது ஆராய்ச்சிச்சாலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் ஆராய்ச்சிச்சாலை கடலைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது ஒரு குப்பி நீரையும் ஒரு பிடி சேற்றையுமே. அந்தக் குப்பியை யார், எங்கே, எப்போது, எதைக் கொண்டு நிரப்பினார் என்பதில்தான் விடையின் மெய்யும் பொய்யும் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றன.

கடல் ஏன் சோற்றுப் பானையைப் போன்றதன்று என்பதை முதலில் பார்ப்போம். ஆறு கடலோடு கலக்கும் கழிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றின் நன்னீர் இலேசானது. கடலின் உவர்நீர் கனமானது. எனவே பல வேளைகளில் நன்னீர் மேலே ஒரு போர்வைபோல் மிதக்க, உவர்நீர் அடியிலே ஆப்புப்போல் நுழைந்து கிடக்கிறது. ஒரே இடத்தில் மேலே அள்ளிய நீரும் இரண்டு ஆள் ஆழத்தில் அள்ளிய நீரும் இரு வேறு நீர்கள். அன்றியும், கடல் ஏறும்போது கழிமுகத்தில் நிற்பது பெரும்பாலும் கடல்நீர். வற்றும்போது அங்கே ஓடுவது ஊரின் கழிவைச் சுமந்துவரும் ஆற்றுநீர். காலை பத்து மணிக்கு எடுத்த குப்பி ஊரைப் பழிக்கும். மாலை நான்கு மணிக்கு எடுத்த குப்பி அதே ஊரைப் புகழும்.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவும் அப்படியே. மீனுக்கு மூச்சாக இருப்பது இந்தக் காற்றுத்தான். நுண்ணிய பாசிகள் மலிந்த உப்பங்கழியில், பகலில் அவை வெயிலைக் கொண்டு உணவு சமைக்கும்போது பிராணவாயுவை வெளிவிடுகின்றன; பிற்பகலில் அதன் அளவு உயர்ந்து நிற்கும். இரவெல்லாம் அவையும் மற்ற உயிர்களும் அதனை உட்கொள்ள, விடியற்காலையில் அளவு மிகத் தாழ்ந்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறுவது அந்த நேரத்தில்தான். அலுவலக நேரத்தில் மட்டும் சென்று நீர் எடுப்பவருக்கு அந்தத் திணறல் தெரியவே தெரியாது.

நான் ஆசிரியனாக இருந்த நாளில், ஊர்க் குளத்து நீரை ஆராய்ந்து பார்க்க விரும்பி மாணவர்களைக் குப்பிகளுடன் அனுப்பினேன். பன்னிரண்டு பேர் பன்னிரண்டு குப்பிகளோடு திரும்பினார்கள். விசாரித்தால், பன்னிரண்டு பேரும் படித்துறையின் ஒரே படியிலிருந்து அள்ளியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. எட்டிய இடத்தில் அள்ளுவது மனித இயல்பு. அந்த இயல்பை அடக்கி, எட்டாத இடத்திற்கும் சென்று அள்ளுவதற்கு வழிவகுப்பதே மாதிரி எடுக்கும் முறை என்னும் சாஸ்திரம்.

இனி அந்த முறையைச் சற்று விளக்குவேன். முதலில் நீர். படகு செல்வதற்கு முன்பே, கடற்கரையின் படத்தில் எந்தெந்த இடங்களில் எடுப்பது என்று குறித்துக்கொள்கிறார்கள். கழிவு வந்து விழும் வாயில் ஓரிடம். அங்கிருந்து வரவரத் தள்ளிச் செல்லும் வரிசையில் பல இடங்கள். கழிவு எட்டாத தொலைவில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென ஓரிடம். இந்தக் கடைசி இடம் இல்லாவிட்டால், கண்ட அளவு அந்தக் கடலுக்கு இயல்பானதா, மனிதன் சேர்த்ததா என்று சொல்ல இயலாது.

ஆழத்து நீரை எடுப்பதற்கு இரு முனையும் திறந்த ஒரு குழாய்க்குப்பியைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். இறங்கும்போது நீர் அதனுள் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. வேண்டிய ஆழத்தை அடைந்தவுடன், மேலிருந்து கயிற்றின் வழியே ஒரு சிறு எடையை நழுவ விடுகிறார்கள். அதற்குத் ‘தூதன்’ என்றே பெயர். தூதன் சென்று தட்டியதும் குப்பியின் இரு மூடிகளும் மூடிக்கொள்கின்றன. அந்த ஆழத்து நீர் வேறு நீரோடு கலவாமல் மேலே வருகிறது. நார்வே நாட்டு நான்சென் வகுத்த குப்பியும், பின்னர் 1966இல் அமெரிக்கரான நிஸ்கின் அமைத்த குப்பியும் இத்தகையவை.

பிராணவாயுவை அளப்பதற்கென எடுக்கும் நீரைச் சிறு குப்பியில் அடியிலிருந்து நிரப்பி, வழிய விட்டு, ஒரு குமிழிகூட உள்ளே நில்லாமல் மூடவேண்டும். குமிழி இருந்தால் அதிலுள்ள காற்று நீரில் கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும். 1888இல் ஹங்கேரி நாட்டு வின்க்ளர் கண்ட முறைப்படி, படகிலேயே அந்தக் குப்பியில் மாங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்து, பிராணவாயுவைக் கைதியைப்போல் கட்டிவிடுகிறார்கள். கரைக்கு வந்து அமிலத்தைச் சேர்த்தால் அதற்கு ஈடான அயோடின் வெளிப்படும்; அதனை அளந்தால் பிராணவாயுவின் அளவு தெரியும். கட்டாமல் வெறுங்குப்பியாகக் கொண்டுவந்தால், வழியிலேயே நுண்கிருமிகள் அதனை உண்டுவிடும். நாம் அளப்பது கடலை அன்று, பிரயாணத்தையே.

எல்லாக் கருவியும் விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1865இல் ஏஞ்சலோ செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலில் இருந்துகொண்டு, ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்துக் கடலின் தெளிவை அளந்தார். இன்றும் அந்தத் தட்டு உலகெங்கும் பயன்படுகிறது. கயிறும் தட்டும் பொறுமையும் இருந்தால் போதும்.

அடுத்தது சேறு. நீருக்கும் சேற்றுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. நீர் இன்றைய செய்தியைச் சொல்வது. சேறு பல ஆண்டுகளின் வரலாற்றைச் சொல்வது. ஆலை நேற்று விட்ட விஷம் இன்று நீரில் இல்லாமல் போகலாம். அலையும் நீரோட்டமும் அதனைக் கொண்டுபோயிருக்கும். ஆனால் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் நீரில் மிதக்கும் நுண்துகள்களைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்லக் கீழே படிகின்றன. நீர் மறந்ததைச் சேறு நினைவில் வைத்திருக்கிறது.

மேற்சேற்றை எடுப்பதற்குக் ‘கவ்வி’ என்னும் கருவி உண்டு. வாயைப் பிளந்தபடி அது கீழே இறங்கும். தரையைத் தொட்டதும் கொக்கி விடுபடும். கயிற்றை இழுக்கும்போது இரு தாடைகளும் சேர்ந்து சேற்றைக் கவ்விக்கொள்ளும். டச்சுக்காரரான வான் வீன் என்பவர் 1930களில் அமைத்த கவ்வி இன்றும் வழக்கில் உள்ளது. அதனைக் கடைசி இரண்டொரு மீட்டர் தூரம் மிக மெதுவாக இறக்கவேண்டும். தடாலென்று விழுந்தால், அது தள்ளிக்கொண்டு வரும் நீரே மேலுள்ள மெல்லிய படிவை ஊதிக் கலைத்துவிடும். அண்மைக்கால அழுக்கெல்லாம் அந்த மெல்லிய படிவில்தான் இருக்கிறது. தாடைக்கிடையே கல்லோ சிப்பியோ அகப்பட்டு வாய் சரியாக மூடாமல் வந்தால், நுண்சேறு வழியிலேயே கழுவிப் போயிருக்கும். அந்தப் பிடியைக் கடலில் எறிந்துவிட்டு மறுபடியும் இறக்கவேண்டும். வெயிலில் கை சோர்ந்திருக்கும் வேளையில், ‘இதுவே போதும்’ என்று மனம் சொல்லும். அங்கேதான் நேர்மைக்குச் சோதனை.

பழைய வரலாறு வேண்டுமாயின் ஒரு நீண்ட குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, உள்ளே நிறைந்த மண்தூணைக் கலையாமல் எடுத்து, ஒவ்வொரு சென்டிமீட்டராக நறுக்குகிறார்கள். மேல்வில்லை இந்த ஆண்டினது. கீழே போகப்போக முன்னோர் காலத்தது. இயற்கையாகவே சேற்றில் சேரும் ஒருவகை ஈயம் 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்ந்துவிடும் தன்மையுடையது. அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு ஒவ்வொரு வில்லையின் வயதையும் கணக்கிடுகிறார்கள். புழுக்கள் துளைத்த சேற்றிலும் நங்கூரம் கிளறிய சேற்றிலும் இந்தக் கணக்குச் செல்லாது. ஆகவே இடத்தைத் தெரிந்தெடுப்பதே பாதி வேலை.

மணலுக்கும் களிக்கும் உள்ள வேற்றுமையையும் மறக்கலாகாது. உலோகங்கள் நுண்துகள்களையே பெரிதும் பற்றுகின்றன. எனவே ஓரிடத்து மணலையும் வேறோரிடத்துக் களியையும் அப்படியே ஒப்பிட்டு, முதலாவது தூயது, இரண்டாவது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது அநீதி. இரண்டையும் ஒரே நுண்சல்லடையில் சலித்து, நுண்பகுதியை நுண்பகுதியோடு ஒப்பிடுவது ஒரு முறை.

இவ்வளவு கவனித்தும், மாதிரியைக் கெடுக்க வல்ல ஒருவர் படகிலேயே இருக்கிறார். அவர் மாதிரி எடுப்பவரே. அவருடைய கையிலுள்ள வியர்வை, படகின் எண்ணெய், யந்திரத்தின் புகை, துருப்பிடித்த கம்பி, சரியாகக் கழுவாத குப்பி ஆகிய எல்லாமே கடலின் கணக்கில் ஏறிவிடும். அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பாட்டர்சன் கடல்நீரிலுள்ள ஈயத்தை அளக்கப் புகுந்தபோது, அதற்கு முன்னர் அளந்தவர்கள் பலர் கடலின் ஈயத்தோடு தங்கள் குப்பியின் ஈயத்தையும் ஆராய்ச்சிச்சாலைத் தூசியின் ஈயத்தையும் சேர்த்தே அளந்திருந்தார்கள் என்பதைக் கண்டார். 1970களில் தூய முறைகள் பரவிய பின்னர், கடல்நீரிலுள்ள பல உலோகங்களின் பழைய அளவுகள் பத்து மடங்கும் அதற்கு மேலும் மிகையானவை என்று தெரியவந்தது. கடல் மாறவில்லை; குப்பி சுத்தமாயிற்று.

இதனால்தான் உலோகத்தை ஆராய எடுக்கும் சேற்றை உலோகக் கரண்டியால் தொடாமல், கவ்வியின் பக்கங்களில் ஒட்டாத நடுப்பகுதியிலிருந்து பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்கிறார்கள். இதனால்தான் தூய நீர் நிரப்பிய ஒரு குப்பியையும் உடன் கொண்டுசென்று, படகில் திறந்து மூடி, மற்றவற்றோடு சேர்த்து ஆராய்கிறார்கள். அந்தக் குப்பியில் ஈயம் இருந்தால், அது கடலின் குற்றம் அன்று, நம் குற்றம். தேர்வு எழுதும் மாணவனைப் போலத் தேர்வு வைக்கும் ஆசிரியனும் சோதிக்கப்படும் ஏற்பாடு இது. எனக்கு மிகவும் பிடித்தமானது.

அன்பர்களே, இவையெல்லாம் நிபுணர்களுக்கு உரிய நுணுக்கங்கள், நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எந்த இடத்தில் அள்ளினார்கள் என்னும் சிறு கேள்வி எத்தனை உயிர்களைத் தொட்டது என்பதற்கு ஜப்பான் நாட்டு மினமாட்டா ஊரின் கதையே சான்று.

கியூஷு தீவில், குமமோட்டோ மாகாணத்தில், அமைதியான ஒரு விரிகுடாவின் கரையில் இருப்பது மினமாட்டா. அங்கே இருந்த சிஸ்ஸோ நிறுவனத்தின் தொழிற்சாலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் இரசாயனப் பொருளைச் செய்துவந்தது. அதற்குப் பாதரசம் துணைப்பொருள். கழிவுநீர் ஹியாக்கென் துறைமுகத்தில் கடலோடு கலந்தது. 1950களில் அவ்வூர்ப் பூனைகள் பித்துப் பிடித்தவைபோல் சுழன்று மடிந்தன. பின்னர் மீனவர் வீட்டு மக்களுக்குக் கைகால் நடுங்கியது, நாக்குக் குழறியது, பார்வை குறுகியது, பலர் மாண்டனர். 1956 மே 1ஆம் நாள், தொழிற்சாலை மருத்துவமனையின் தலைவரான டாக்டர் ஹொசோகாவா, இன்னதென்று அறியாத ஒரு நோய் பரவுகிறது என்று சுகாதார அலுவலகத்திற்கு அறிவித்தார்.

குமமோட்டோ பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராயத் தொடங்கினார்கள். தொழிற்சாலையோ தன் தொழில்முறையைப் பற்றிய செய்திகளை அவர்களுக்குத் தரவில்லை. விரிகுடாச் சேற்றிலோ பலவகை உலோகங்கள் கலந்து கிடந்தன. முதலில் மாங்கனீசு என்று ஐயுற்றார்கள். பிறகு செலினியம், தாலியம் என்று ஐயுற்றார்கள். சேற்றில் ஒரு பொருள் இருக்கிறது என்பது வேறு, அதுவே நோய்க்குக் காரணம் என்பது வேறு என்பதற்கு இந்த அலைச்சலே எடுத்துக்காட்டு. 1959இல் விரிகுடாவின் பல இடங்களிலும் சேற்றை எடுத்துப் பாதரசத்தை அளந்தார்கள். கழிவுக்கால்வாயின் வாயில் அளவு மிக உச்சமாக இருந்தது. கடலை நோக்கிச் செல்லச்செல்லப் படிப்படியாகக் குறைந்தது. கால்வாய் வாயில் ஒரு டன் சேற்றுக்கு 2 கிலோ பாதரசம்! சுரங்கம் வைத்துத் தோண்டி எடுக்கலாம் என்னும் அளவுக்கு அது செறிந்திருந்தது. ஒரே ஓர் இடத்துச் சேறு, பாதரசம் உண்டு என்று மட்டுமே சொல்லியிருக்கும். வரிசையாக எடுத்த சேறுகளோ, அது எந்த வாசலிலிருந்து வந்தது என்று விரல் நீட்டிக் காட்டின.

அதே 1959இல் அந்தத் தொழிற்சாலையின் நீர் இரண்டு விதமாகச் சோதிக்கப்பட்டது. டாக்டர் ஹொசோகாவா, அசிட்டால்டிஹைடு செய்யும் பகுதியிலிருந்து வரும் கழிவுநீரையே எடுத்து உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துவந்தார். அக்டோபரில் அந்தப் பூனைக்கு அதே நோய் கண்டது. அந்தச் செய்தியை நிறுவனம் வெளியிடவில்லை. டிசம்பரில், கழிவைச் சுத்தம் செய்வதற்கென்று ஒரு பெரிய சாதனம் திறந்துவைக்கப்பட்டது. விழாவில் நிறுவனத் தலைவர், இதோ சுத்தம் செய்த நீர் என்று ஒரு குவளை நீரைப் பலர் முன்னிலையில் பருகிக் காட்டினார். பார்த்தவர்கள் நிம்மதியடைந்தார்கள். ஆனால் பாதரசம் கலந்த அசிட்டால்டிஹைடுக் கழிவு அப்போது அந்தச் சாதனத்தின் வழியே செல்லவே இல்லை என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது.

சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு, இரண்டும் நீர். ஒன்று பூனையை நோயில் வீழ்த்தியது. மற்றொன்று குவளையில் பளபளத்தது. எந்தக் குழாயிலிருந்து எடுத்தது என்பதே வேற்றுமை. அந்தக் குவளையும் ஒரு மாதிரிதான். பொய்யான இடத்தில் எடுத்த மாதிரி. டாக்டர் ஹொசோகாவா 1970இல், தம் நோய்ப்படுக்கையிலிருந்தபடியே நீதிமன்றத்திற்கு உண்மையைச் சாட்சியமாகச் சொல்லிவிட்டு, அவ்வாண்டிலேயே மறைந்தார்.

1968இல் அந்தத் தொழில்முறை நின்றது. நோய்க்குக் காரணம் அந்தக் கழிவே என்று அரசும் அவ்வாண்டு செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. இடையிலே கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். நோயாளர் என்று அரசு சான்றளித்தவர் மட்டுமே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர். பின்னர் 1977 முதல் 1990 வரை, பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட சேறு எங்கெங்கே உள்ளதோ அதனைத் தோண்டியும் மூடியும் அடக்கினார்கள். ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர் சேறு. அதன்மேல் எழுந்த புதுநிலம் 58 ஹெக்டேர். எந்த இடத்தில் தோண்டுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று வழிகாட்டியதும் சேற்று மாதிரிதான். கெடுத்தது யார் என்று காட்டிய அதே பிடிச் சேறு, திருத்துவதற்கும் வரைபடம் ஆயிற்று.

நம் தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. எண்ணூர்க் கழியின் ஓரத்தில் அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் நிற்கின்றன. கூவமும் அடையாறும் சென்னை மாநகரின் கழிவைச் சுமந்து கடலில் கலக்கின்றன. கோடையில் மணல்திட்டு ஆற்றுவாயை அடைத்துக்கொள்வதும், ஐப்பசி கார்த்திகை மழையில் வெள்ளம் அதனை உடைத்துக்கொண்டு ஓடுவதும் நாம் காண்பவை. அடைபட்ட நாளில் அள்ளிய குப்பியும் வெள்ளம் போன நாளில் அள்ளிய குப்பியும் ஒரே செய்தியைச் சொல்ல முடியாது. ஆகவே ஒரு நாள் எடுத்த ஒரு குப்பியை உயர்த்திக் காட்டி, ‘கடல் தூயது’ என்று ஒருவர் சொன்னாலும் நம்பவேண்டாம். ‘கடல் செத்துவிட்டது’ என்று மற்றொருவர் சொன்னாலும் நம்பவேண்டாம்.

அதற்குப் பதிலாகச் சில எளிய கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். எந்த இடத்தில் எடுத்தீர்கள்? எந்தப் பருவத்தில், கடல் ஏறும்போதா வற்றும்போதா? எந்த ஆழத்தில்? நீர் மட்டுமா, சேறும் உண்டா? ஒப்பிட்டுப் பார்க்க வேறிடத்தில் எடுத்தீர்களா? வெறுங்குப்பியைச் சோதித்தீர்களா? இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கட்டுமரத்தில் செல்லும் மீனவரும் கேட்கலாம். அந்த மீனை வாங்கிக் குழம்பு வைக்கும் தாயும் கேட்கலாம். நேர்மையாக மாதிரி எடுத்தவர் தம் குறிப்பேட்டைத் திறந்து, நாளும் நேரமும் இடமும் காட்டி, மகிழ்ச்சியோடு விடை சொல்வார். அவ்வாறு சொல்ல இயலாதவருடைய எண்கள் எத்தனை தசமத் தானம் வரை நீண்டிருந்தாலும் பயன் இல்லை.

சோற்றுப் பானைக்கு ஒரு சோறு பதம். கடலுக்கோ பல இடங்களில், பல வேளைகளில், பல ஆழங்களில், சுத்தமான கையால் எடுத்த பல பிடிகளே பதம். அந்தக் கையின் சுத்தத்தை நம்பித்தான் நாம் மீனை உண்கிறோம்.